அக்கா மாற்றிச் சொன்ன வார்த்தை

எங்கள் வீட்டுச் சேவலை அக்கா 'அரோகன்ட்' என்றுதான் கூப்பிடுவாள். திமிர் பிடித்தது என்று அர்த்தம். கூடையைத் திறந்துவிட்டால், லயத்து வரிசை வீடுகளின் வாசல் முழுவதையும் தனக்கே எழுதிக் கொடுத்துவிட்டதுபோல் நடக்கும் சேவல் அது. பெயர் பொருத்தமாகத்தான் இருந்தது.

அந்த வார்த்தை கரவனெல்ல டவுனிலிருந்து வந்தது. அங்கே ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் சனிக்கிழமைகளில் ஆங்கில வகுப்பு நடக்கும். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த பிள்ளைகள் பலர் அங்கே படித்தார்கள். எங்கள் ரப்பர் தோட்டத்திலிருந்து போனது அக்கா மட்டும்தான். சாதாரணமாகப் பேசுவதற்கு வேண்டிய ஆங்கிலம் முன்பே வந்துவிட்ட பிள்ளைகளுக்கான வகுப்பு என்பதால், அங்கே கொடுத்ததெல்லாம் கனமான வார்த்தைகள். பாடம் எடுத்த மிஸ் அர்த்தத்தைச் சிங்களத்தில் சொல்லுவார். அக்கா அதை பஸ்ஸில் வரும்போதே தமிழாக்கிக்கொண்டு வருவாள். வீடு வந்து சேரும்போது ஒவ்வொரு வார்த்தையும் மூன்று உடுப்பு மாற்றியிருக்கும்.

ஒரு வார்த்தையை யார் மேலாவது போட்டுப் பார்க்காவிட்டால் அது மனதில் நிற்காது என்று மிஸ் சொல்லியிருந்தாராம். அக்கா அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். ஒரே முட்டையில் வீட்டுக்கே ஆம்லெட் போடும் அம்மா 'ஃப்ரூகல்' ஆனாள். கோயில் கமிட்டித் தலைவராக இருந்து, மைக்கைக் கையில் பிடித்தால் பிரசாதம் ஆறிப்போகும்வரை விடாத பெரியப்பா 'பாம்பஸ்' ஆனார். அப்பாவுக்குக் கிடைத்தது 'ஆப்ஸ்டினேட்'. பிடிவாதக்காரர்.

அதை ஒருநாள் அப்பாவின் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள். பால் வெட்டிவிட்டு வந்து கையில் ஒட்டியிருந்த ரப்பர் பாலைப் பிய்த்துக்கொண்டிருந்தார் அப்பா. அக்கா தேத்தண்ணியைக் கொடுத்தபடி, "அப்பா, யூ ஆர் வெரி ஆப்ஸ்டினேட்" என்றாள். அப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"என்னான்னு புள்ள அர்த்தம்?"

"சொன்ன சொல்லுல நிக்கிறவருன்னு அர்த்தம்பா."

மறுநாள் பால் நிறுக்கும் இடத்தில் அப்பா எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார், எம்புள்ள என்னைய ஆப்ஸ்டினேட்டுன்னு சொல்லிருச்சு என்று.

எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். அக்காவுக்குக் கேள்வி கேட்பது என் வேலை. அவள் துணி அலசும்போதும், எனக்குத் தலை பின்னிவிடும்போதும், நான் வகுப்பில் கொடுத்த தாளைப் பார்த்து வார்த்தைகளை எழுத்துக்கூட்டி வாசிப்பேன். அவள் அர்த்தம் சொல்ல வேண்டும், ஒரு வசனமும் சொல்ல வேண்டும். ஒன்றுகூடத் தவறாது. கேட்டுக் கேட்டே எனக்கும் பாதி மனப்பாடமாகிவிட்டது. என் வகுப்பில் மற்றவர்கள் 'கேட்', 'ரேட்' என்று எழுதிக்கொண்டிருந்தபோது எனக்கு 'மெட்டிகுலஸ்' தெரியும். பூனைக்கு எத்தனை ஏ, எத்தனை டி என்பதில்தான் கொஞ்சம் தடுமாற்றம்.

இதில் வேறொரு வசதியும் இருந்தது. ஒட்டிக் கட்டிய லயத்தில், தமிழில் எதைப் பேசினாலும் அடுத்த காம்பரா வீட்டுக்குக் கேட்கும். சிங்களத்தில் பேசி மறைக்கவும் வழியில்லை. எங்களைச் சுற்றியிருந்ததெல்லாம் சிங்கள ஊர்கள். அப்பா கடைத்தெருவில் சிங்களத்தில் பேரம் பேசினால் கடைக்காரரே வாயை மூடிக்கொள்வார். அம்மா வாரக்கடைசியில் பார்த்து அழுததெல்லாம் சிங்கள நாடகங்கள்தான். ஆங்கிலம் ஒன்றில்தான் அக்காவும் நானும் எல்லோர் முன்னாலும் நின்றுகொண்டு யாருக்கும் தெரியாமல் பேச முடிந்தது. பெரியப்பா வந்து உட்கார்ந்ததும் அக்கா என்னைப் பார்த்து "வெரி பாம்பஸ்" என்பாள். நான் சிரிப்பை அடக்க முடியாமல் குசினிக்குள் ஓடுவேன். "ரெண்டும் படிக்குதுங்க" என்று அம்மா பெருமையாகச் சொல்லுவாள்.

பரீட்சை முடிவு வந்தது. அக்கா நன்றாகவே செய்திருந்தாள். ஆசிரியர் பயிற்சிக்கு கல்வியியல் கல்லூரிக்குப் போக வேண்டும் என்பது அவள் ஆசை. அந்த நேரம் பார்த்துத்தான் பெரியப்பா ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். மாப்பிள்ளை கொடகவெலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வெளிக்கள உத்தியோகத்தர். தோட்டத்து மேனேஜர் துரையோடு நின்று பேசுகிறவர். மோட்டார் சைக்கிளும் குவார்ட்டர்ஸும் உண்டு. அவருடைய அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரிந்த பெண்தான் வேண்டுமாம். அக்கா படித்து வைத்த வார்த்தைகளே அந்தச் சம்பந்தத்தைத் தேடிப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டன.

அப்பாவைக் கெட்டவராக நான் சொல்ல வரவில்லை. விடிவதற்கு முன்னால் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் நடந்தவர். மழை பிடித்தால் வேலையில்லாமல் வானத்தைப் பார்த்து உட்கார்ந்தவர். மகள் லயத்தைவிட்டு வெளியே போக வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு நினைப்பில்லை.

"அந்தக் குவார்ட்டர்ஸுல வீட்டுக்குள்ளயே பைப்பு இருக்காம்" என்று அவர் அம்மாவிடம் சொன்னதை நான் கேட்டேன். அரண்மனையைப் பற்றிச் சொல்லுவதுபோல் சொன்னார்.

அக்கா ஒருமுறை வாயைத் திறந்து பார்த்தாள். "அப்பா, காலேஜுக்குப் போய்ட்டு வந்து பொறகு பாத்துக்கலாமே."

"போ. யாரு வேணாங்குறா? கல்யாணத்துக்குப் பொறகு அவங்க விட்டாங்கன்னா படி" என்றார் அப்பா. "இந்த மாதிரி எடம் நம்மளத் தேடி இன்னொரு தடவ வராது புள்ள." அவர் குரலில் கோபம் இருக்கவில்லை. கெஞ்சுவதுபோல்தான் இருந்தது. அதனாலேயோ என்னவோ, அக்கா அதற்குமேல் பேசவில்லை.

அவர்கள் பெண் பார்க்க வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மழை விட்டிருந்தது. லயத்துவரை வாகனம் வராது. கீழே பெரிய ரோட்டில் வேனை நிறுத்திவிட்டு, ரப்பர் மரங்களுக்கு நடுவே வழுக்குப் பாதையில் ஏறி வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, அவருடைய தாய்மாமன். மாப்பிள்ளையின் பளபளப்பான சப்பாத்து முழுவதும் சேறு. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். நான்தான் வாங்கி மூலையில் வைத்தேன். அவரை அத்தான் என்று கூப்பிட வேண்டும் என்று அம்மா முதல்நாளே எனக்குச் சொல்லியிருந்தாள்.

உளுந்து வடையும் கேசரியும் வந்தன. அக்கா மயில் நிறச் சேலையில் வந்து தேத்தண்ணி கொடுத்துவிட்டு, கதவோரமாக நின்றாள். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. தாய்மாமன் மூன்றாவது வடையை எடுத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"பொண்ணு இங்கிலீசு நல்லா பேசுமாமே. ரெண்டு வார்த்த பேசச் சொல்லுங்க, கேப்போம்."

"சும்மா இருங்க மாமா" என்றார் மாப்பிள்ளை.

"என்னப்பா சும்மா? நீயே கேளு. எங்களுக்குத்தான் ஒண்ணும் வெளங்கப் போறதில்லையே."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாதான் அதிகமாகச் சிரித்தார். "கேளுங்க தம்பி, கேளுங்க. பட்டுபட்டுன்னு பேசும்" என்றார். மாப்பிள்ளைக்குக் காது சிவந்துவிட்டது. கொஞ்ச நேரம் தேத்தண்ணிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அக்காவை நிமிர்ந்து பார்த்து, மெதுவாகக் கேட்டார்.

"ஆர் யூ ஹேப்பி எபவுட் திஸ்?"

அது எனக்கே விளங்கியது. 'ஹேப்பி' முதலாம் வகுப்பு வார்த்தை.

சேலைத் தலைப்பைப் பிடித்திருந்த அக்காவின் விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. அப்பா எதிர்பார்ப்போடு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அப்பாவை ஒருமுறை பார்த்தாள். பிறகு மாப்பிள்ளையை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

"ஐ எம் ரிலக்டன்ட், சேர். வெரி ரிலக்டன்ட்."

ரிலக்டன்ட் என்றால் விருப்பமில்லாத, மனம் வராத என்று அர்த்தம். சிங்களத்தில் அக்கமெத்தி. நானே கேள்வி கேட்டு, அவளே பதில் சொன்ன வார்த்தை. அதே வாரம் படித்த இன்னொரு வார்த்தை ஜூபிலன்ட். ரொம்பவும் சந்தோஷமாக என்று அர்த்தம். இரண்டும் 'ன்ட்' என்று முடிகிறவை. ஒருநாளும் தவறாத அக்கா, தவறவே கூடாத நாளில் வார்த்தையை மாற்றிச் சொல்லிவிட்டாள்!

வீட்டில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. "சேரு போட்டுப் பேசுது பாத்தியா, என்னா மரியாத!" என்று தாய்மாமன் வியந்தார். பெரியப்பா தன் பரம்பரையே அப்படித்தான் என்பதுபோல் துண்டைச் சரிசெய்துகொண்டார். அப்பாவின் கண் கலங்கியே விட்டது. மாப்பிள்ளையின் அம்மா கொண்டுவந்திருந்த பூவை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"நல்ல நேரம் இருக்கப்பவே பூ வச்சிருவோமே."

அக்கா அசையவில்லை. மாப்பிள்ளை கோப்பையைக் கீழே வைத்தார்.

"அம்மா, இன்னைக்கு வேணாம். இன்னொரு நாளைக்கு முறையா வந்து வைப்போம்."

"அட, கையில கொண்டுவந்த பூவ..."

"வேணாம்மா" என்றார். குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். ஆனாலும் அந்த அம்மா உட்கார்ந்துவிட்டார். மாப்பிள்ளை அக்காவைப் பார்த்து, "ஐ அண்டர்ஸ்டேண்ட். தேங்க் யூ" என்றார். ரொம்ப அடக்கமான பிள்ளை என்று அம்மா பிறகு குசினியில் சொன்னாள்.

அது ரம்புட்டான் காலம். லயத்துக்குப் பின்னால் நின்ற மரத்திலிருந்து பறித்த பழங்களை ஒரு பையில் போட்டு, வேன்வரை கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வரும்படி அம்மா என்னை அனுப்பினாள். பெரியவர்கள் பேசிக்கொண்டே முன்னால் இறங்கினார்கள். மாப்பிள்ளைக்குச் சப்பாத்து வழுக்கியது. ஒவ்வொரு மரமாகப் பிடித்து இறங்கியதில் பின்தங்கிவிட்டார். நல்ல சந்தர்ப்பம். நானும் பின்தங்கினேன்.

"அத்தான்."

அந்த முறைச்சொல்லைக் கேட்டு அவர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"அத்தான், ஒண்ணு சொல்லவா? அக்கா மேல கோவிச்சுக்காதீங்க. அக்கா வார்த்தய மாத்திச் சொல்லிருச்சு."

"எந்த வார்த்த?"

"ரிலக்டன்ட். அதுக்கு அக்கமெத்தின்னு அர்த்தம். அக்கா ஜூபிலன்ட்டுன்னு சொல்ல வந்துச்சு. ரெண்டும் ஒரே கிழமையில படிச்சது. பயத்துல மாறிப்போச்சு."

அவர் நின்றுவிட்டார். பால் பிடிக்க மரத்தில் கட்டியிருந்த சிரட்டையில் மழைத்தண்ணீர் நிறைந்திருந்தது. அதை விரலால் சாய்த்துக் கொட்டிவிட்டு, சிரட்டையைச் சரியாகத் திருப்பி வைத்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"அக்கா அடிக்கடி இப்பிடி மாத்திச் சொல்லுவாங்களா?"

அக்காவின் மானத்தைக் காப்பாற்ற எனக்குக் கிடைத்த இடம் அது. நான் விடுவேனா? "ஐயோ, இல்ல அத்தான்! ஒருநாளும் மாத்திச் சொன்னதே இல்ல. நான்தானே கேள்வி கேக்குறது. எத்தன கஷ்டமான வார்த்த கேட்டாலும் கரெக்ட்டா சொல்லும். டவுன் கிளாஸ்லயும் அக்காதான் ஃபர்ஸ்ட்டு."

அவர் சிரித்தார். ஆனால் அது சந்தோஷச் சிரிப்பு மாதிரி இல்லை. எதையோ ஒத்துக்கொள்ளுவதுபோல் தலையை ஆட்டிக்கொண்டார்.

"அக்காவுக்கு என்ன செய்ய விருப்பம்?"

"டீச்சராகணும். காலேஜுக்குப் போகணும்னு சொன்னுச்சு. நீங்க விட்டா போகலாம்னு அப்பா சொன்னாரு. நீங்க விடுவீங்கதானே?"

"போவாங்க" என்றார். "கட்டாயம் போவாங்க."

கீழேயிருந்து அவருடைய அம்மா கூப்பிட்டார். அவர் பையை வாங்கி, அதிலிருந்து ஒரு கொத்து ரம்புட்டானை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"தங்கச்சி, அந்த வார்த்தைக்கு அர்த்தம் என்னான்னு வீட்டுல யாருகிட்டயும் சொல்லாதீங்க. அப்பாகிட்டயும் சொல்லாதீங்க. நான் பாத்துக்கிறேன்."

நான் பழத்தைத் தின்றுகொண்டே மேலே ஏறினேன். இவ்வளவு பெருந்தன்மையான அத்தான் யாருக்குக் கிடைப்பார்? அவருக்கு 'மேக்னானிமஸ்' என்று பெயர் வைத்தேன். அது நானாகவே ஒருவர் மேல் போட்ட முதல் வார்த்தை.

அடுத்த வாரம் பெரியப்பா ஃபோனைக் காதிலிருந்து எடுத்தபடியே எங்கள் வீட்டுக்குள் வந்தார். மாப்பிள்ளைக்கு இப்போது கல்யாணம் செய்யும் யோசனை இல்லையாம். பெண்மேல் ஒரு குறையும் இல்லையாம், குற்றமெல்லாம் தன்மேல்தானாம், மன்னிக்கச் சொன்னாராம். அவருடைய அம்மா மகனோடு பேசுவதையே நிறுத்திவிட்டாராம்.

"யோசன இல்லாதவன் எதுக்கு வந்தான்?" என்று அப்பா கத்தினார். "வந்து ஒக்காந்து வடைய தின்னுட்டு, எம்புள்ளகிட்ட இங்கிலீசுல கேள்வி வேற கேட்டானே!" அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பார்த்துவிட்டுப் போனவன் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் லயத்தில் என்ன பேசுவார்கள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். பேசவும் செய்தார்கள். தண்ணிப் பைப்படியில் அக்காவைக் கண்டதும் பெண்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். பாவம் என்று சொல்லுவதற்குத் தாழ்த்திய குரல்தான். ஆனாலும் அது எல்லோருக்கும் கேட்டது.

அந்தக் கோபத்தில்தான் அப்பா, "நீ காலேஜுக்கே போ புள்ள. அவன் தோட்டத்துப் புள்ளைங்களுக்கே பாடம் சொல்லிக் குடு, அப்பத்தான் அவனுக்கு வெளங்கும்" என்றார். சொன்ன சொல்லில் நின்றார். அந்த வருடமே அக்கா கல்லூரிக்குப் போனாள். பெட்டியை பஸ்வரை அப்பாதான் சுமந்தார். அவள் இப்போது வரக்காப்பொலவுக்கு அருகே ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிறாள். பல வருடங்களுக்குப் பிறகு, தானே பார்த்துப் பிடித்துப்போன ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். கொடகவெலக்காரரை நாங்கள் யாரும் பிறகு பார்க்கவில்லை.

ஆனால் அந்தச் செய்தி வந்த நாளில் இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? அன்று பின்னேரம் அக்கா தண்ணி எடுக்கப் போனபோது நானும் கூடவே போனேன். பைப்படியில் வேறு யாரும் இல்லை. எல்லாம் அந்த ஒரு வார்த்தையால் வந்தது, அது அவளுக்குத் தெரியாமலேயே போய்விடக் கூடாது என்று எனக்குப் பட்டது. தெரிந்தால் வருத்தப்படுவாள் என்றும் பட்டது. கடைசியில் அடக்க முடியவில்லை.

"அக்கா, நீ அன்னைக்கு ஜூபிலன்ட்டுன்னு சொல்லப்போய் ரிலக்டன்ட்டுன்னு சொல்லிட்ட. அதான் இப்பிடி ஆச்சு. ஆனா நான் அவருகிட்ட சொன்னேன்கா. அக்கா மாத்திச் சொல்லிருச்சு, கோவிச்சுக்காதீங்கன்னு ரோட்டுக்குப் போறப்பவே சொன்னேன்."

அக்கா வாளியை விட்டுவிட்டாள். அது நிறைந்து காலடியில் வழிந்தது.

"சொன்னியா? அவருகிட்டயே சொன்னியா?"

"ஆமா."

"அதுக்கு அவரு என்ன சொன்னாரு?"

நான் ஒன்றுவிடாமல் சொன்னேன். அடிக்கடி மாத்திச் சொல்லுவாங்களா என்று கேட்டது, நான் இல்லை என்றது, காலேஜ் பற்றிக் கேட்டது, யாரிடமும் சொல்லாதே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றது. சொல்லச் சொல்ல அக்கா பைப்படித் திட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு அழுகை வந்தது. காலையிலிருந்து அம்மா அழுதபோதும் அப்பா கத்தியபோதும் அழாதவள், இப்போது என்னை இழுத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். நடுவில் சிரிக்கவும் செய்தாள். சொல்லியிருக்கக் கூடாதோ என்று நான் பயந்துபோனேன்.

கொஞ்சம் தெளிந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு கேட்டாள்.

"அவரு பேரு என்ன?"

எனக்கும் தெரியாது. வீட்டில் எல்லோரும் கொடகவெல மாப்பிள்ளை என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் அத்தான் என்றேன். அவள் சேர் என்றாள்.

"போய் அப்பாகிட்ட கேட்டுட்டு வா."

"எதுக்கு? அவருதான் வேணாம்னுட்டாரே."

"கேட்டுட்டு வாயேன்."

நான் மேலே ஓடிப்போய்க் கேட்டேன். அந்தப் பயலின் பெயர் இனிமேல் இந்த வீட்டில் எதற்கு என்று அப்பா என்மேல் பாய்ந்தார். திரும்பி வந்து அதை அப்படியே சொன்னேன். அக்கா வாளியைத் தூக்காமல் எனக்காகக் காத்துக்கொண்டு நின்றாள். சரி விடு என்று சொல்லிவிட்டு, ரப்பர் மரங்களுக்கு நடுவே ரோட்டுக்கு இறங்கும் பாதையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போன ஒருவருடைய பெயரைத் தெரிந்துகொள்ள இவளுக்கு ஏன் இவ்வளவு ஆசை? அது எனக்கு அன்று விளங்கவேயில்லை.